பட்டாவில் பெயர் இருக்கிறது, பத்திரம் என்ன சொல்கிறது?

நிலம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் பதில் சொல்கிறார்

கேள்வி: ஊருக்கு வெளியே 12 சென்ட் இடம் பார்த்திருக்கிறோம். விற்பவர் தன் போனிலேயே பட்டாவை எடுத்துக் காட்டினார். அவர் பெயர்தான் இருக்கிறது. நாளைக்கே அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், பட்டுக்கோட்டை

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு. இந்த நிலத்துக்குத் தீர்வை (நில வரி) யார் பெயரில் என்று அது சொல்லும். அவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது, விற்கும் உரிமை முழுமையாக அவருக்கே உண்டா என்பதைப் பதிவான பத்திரங்கள்தான் சொல்லும். பட்டா மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

அவர் போனில் பார்த்ததை ஒதுக்கி வைத்துவிட்டு நீங்களே எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டா வரும். அதே தளத்தில் ‘அ’ பதிவேடும் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) இருக்கின்றன. மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். ‘அ’ பதிவேட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. அந்தப் புலம் பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா, நஞ்சையா புஞ்சையா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். வாய்க்கால் புறம்போக்கில் வீடு கட்டிவிட்டு அழுதவர்களை வேலையில் இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது.

அப்புறம் வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். இது பதிவுத் துறையின் தனி இணையதளத்தில் கிடைக்கும். சும்மா பார்த்துக்கொள்வதற்குப் பணம் கட்ட வேண்டாம். சான்றொப்பமிட்ட நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். பல சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரம் இணையத்தில் இருக்கிறது. குறைந்தது 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சங்கிலி அறுபடாமல் இன்றைய விற்பவர் வரை வர வேண்டும். நடுவில் அடமானம் ஒன்று தெரிந்தால், அந்தக் கடன் அடைந்ததைக் காட்டும் ரசீதுப் பத்திரமும் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள்.

இங்கேதான் ஒரு வழக்கமான சறுக்கல். 1979-க்குப் பிறகு நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (கிராமங்களில் இன்றும் ‘யூடிஆர்’ என்றுதான் சொல்வார்கள்) பல இடங்களில் புல எண்ணும் உட்பிரிவும் மாறின. புதிய எண்ணை மட்டும் போட்டால் பழைய பரிவர்த்தனைகள் வராது. வில்லங்கம் இல்லை என்று சான்று வரும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். மூலப்பத்திரத்தில், அதாவது பழைய தாய்ப்பத்திரத்தில், உள்ள பழைய எண்ணையும் போட்டுத் தேடுங்கள். எது எதுவாக மாறியது என்ற ஒப்பீட்டை விஏஓவிடமோ வட்ட அலுவலகத்திலோ கேளுங்கள்.

வில்லங்கச் சான்றிலும் எல்லாம் வந்துவிடாது. பதிவாகாத உயில் வராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. வாரிசுகள் எத்தனை பேர் என்பது வராது. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற திருத்தம் 2012 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஒப்பந்தங்கள் வெறும் முத்திரைத்தாளில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் அசல் பத்திரங்களையும் தாய்ப்பத்திரத்தையும் கையில் வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் பேச்சை எடுங்கள். நல்ல எண்ணத்தோடு விற்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவசரப்படுத்துகிறார் என்றால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பட்டாவில் 0 – 4.50 என்று இருக்கிறது. பத்திரத்தில் 12 சென்ட். இரண்டும் ஒன்றுதானா?
அதே வாசகர்

ஒன்றில்லை. முதலில் இருப்பது ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சென்ட் கணக்கில் 2.47. உங்கள் 4.50 ஏர் 11.12 சென்ட்தான் வருகிறது. முக்கால் சென்ட்டுக்கும் மேல், அதாவது கிட்டத்தட்ட 383 சதுர அடி குறைகிறது. பழைய பத்திரத்தில் குத்துமதிப்பாக எழுதியதாக இருக்கலாம், உட்பிரிவு செய்தபோது பக்கத்துப் பட்டாவில் சேர்ந்திருக்கலாம், சாலைக்குப் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும், விலை பேசும்போது பட்டாவிலும் தரையிலும் இருக்கிற அளவுக்குப் பேசுங்கள்.

கேள்வி: பக்கத்து வயல்காரர் வரப்பை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். இணையத்தில் புலப்படம் எடுத்து, போனில் மேப் வைத்து அளந்து பார்த்தேன். எங்களுக்கு மூன்றடி குறைகிறது. இதை வைத்து அவரிடம் கேட்கலாமா?
வாசகி, அறந்தாங்கி

உங்கள் ஆதங்கம் புரிகிறது, அம்மா. ஆனால் மூன்றடிக்கு போன் மேப் சாட்சி ஆகாது. திறந்த வெளியில்கூட போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும். செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைக் கோடுகளைப் போட்டுக் காட்டும் வசதி இப்போது இருக்கிறது. நம் நிலம் எந்தப் பக்கம், எந்தப் புலத்தை ஒட்டி என்று கண்டுபிடிக்க அது மிக நல்லது. வரப்புச் சண்டைக்கு அது போதாது.

புலப்படத்தைப் படிக்கும் முறையைச் சொல்கிறேன். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் மேலே 1:1000 அல்லது 1:2000 என்று அளவுத்திட்டம் போட்டிருக்கும். 1:2000 என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் இரண்டு மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனிலேயே உங்கள் மூன்றடியில் பாதி போய்விடும். அதிலும் நாம் போனிலிருந்து அச்செடுக்கும்போது படம் சுருங்கியோ விரிந்தோ வரும். அதனால் படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது. கோடுகளை ஒட்டி எழுதியிருக்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை மீட்டரில் தரையில் அளந்த அளவு.

புலத்தின் குறுக்கே ஓடும் கோட்டை நாங்கள் ‘ஜி லைன்’ என்போம். அந்தக் கோட்டில் குறிப்பிட்ட தூரம் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் போனால் எல்லையின் ஒரு மூலை வரும். புலப்படம் முழுக்க இந்த முறையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் வரப்பு எங்கே என்று சொல்ல, உங்கள் வயலை மட்டும் அளந்தால் போதாது. புலத்தின் மூலைக்கல் இரண்டையாவது சரியான இடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். கல் காணாமல் போயிருந்தால் பக்கத்துப் புலங்களின் கல்லிலிருந்து அளந்து வர வேண்டும். நாடா பிடித்து ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்புக்கு அளந்தால், நகர்ந்த வரப்பிலிருந்து நகர்ந்த வரப்புக்கு அளந்ததாகத்தான் ஆகும்.

படத்தைச் சுற்றிப் பக்கத்துப் புல எண்கள் எழுதியிருக்கும். அவற்றை உங்கள் பத்திரத்தின் செக்குபந்தியோடு (நான்கெல்லை விவரம்) வைத்துப் பாருங்கள். ‘இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு’ என்று பத்திரத்தில் இருக்கும். அந்த இன்னாருடைய வாரிசு இன்று எந்த உட்பிரிவில் பட்டா வைத்திருக்கிறார் என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். நான்கு பக்கமும் பொருந்தினால் உங்கள் கை பலமாகிறது. பத்திரத்தில் எழுதிய பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக நீதிமன்றங்கள் நான்கெல்லைக்குத்தான் முதலிடம் தருகின்றன.

செய்ய வேண்டியது இதுதான்: நில அளவைக்கு மனு கொடுங்கள். இணையத்திலும் கொடுக்கலாம், பொதுச்சேவை மையத்திலும் கொடுக்கலாம், கட்டணம் உண்டு. சர்வேயர் வரும்போது பக்கத்து வயல்காரரையும் கூப்பிடுங்கள். அவர் இல்லாமல் நட்ட கல்லை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அளந்த பிறகு கல்லை நட்டு, அளவீட்டு விவரத்தைக் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகும் அவர் விட்டுத்தரவில்லை என்றால்தான் உரிமையியல் நீதிமன்றம். நீங்களாகப் போய் வரப்பை வெட்டாதீர்கள். வெட்டினால் அது வேறு வழக்காகிவிடும்.

இன்னொன்று. உங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதை புலப்படத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிற பாதை பல ஊர்களில் யாரோ ஒருவரின் பட்டாவுக்குள்தான் போகிறது. இன்று வரப்புக்குச் சண்டை போட்டால் நாளைக்குப் பாதையை அடைப்பார்.

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். நிலம் அவர் சொந்தமாக வாங்கியது. இணையத்தில் பார்த்தால் பட்டா தம்பி பெயருக்கு மட்டும் மாறியிருக்கிறது. என் பங்கு போய்விட்டதா?
பெயர் வேண்டாம் என்கிற வாசகி

போகவில்லை. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று வைத்துச் சொல்கிறேன். தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. கல்யாணம் ஆகிப் போன மகள் என்பதால் குறையாது. பட்டாவில் ஒரே பெயர் ஏறியதால் மற்றவர்கள் பங்கு அழியாது.

முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்பா உயிரோடு இருந்தபோது தம்பிக்குத் தான செட்டில்மென்ட் எழுதியிருக்கிறாரா, உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ‘ஒரு கையெழுத்துதானே அக்கா’ என்று கேட்டு வாங்கிப்போன தாள் என்னவென்று பல பெண்கள் அந்தச் சான்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்றத்தை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். கூட்டுப்பட்டாவில் உங்கள் பெயரும் ஏற வேண்டும் என்று கேளுங்கள். தம்பி ஒத்துக்கொள்ளாவிட்டால் பாகப்பிரிவினை வழக்குதான். தாமதம் செய்ய வேண்டாம். அவர் மூன்றாம் நபருக்கு விற்றுவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். தம்பியோடு பேச்சு அறுந்துபோகுமே என்று தயங்குவீர்கள். மனு கொடுத்துவிட்டும் பேசலாம்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. ஊரில் காலி மனை இருக்கிறது. இங்கிருந்தே கண்காணிக்க முடியுமா?
வாசகர், சிங்கப்பூர்

பாதி முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்றும் பட்டாவும் பாருங்கள். போலிப் பத்திரம் பதிவானாலோ பட்டா மாறினாலோ அங்கே தெரியும். யாராவது உங்களுக்குப் பட்டா நகல் அனுப்பினால், அதில் உள்ள குறிப்பு எண்ணை அதே இணையதளத்தில் சரிபார்க்கும் பகுதியில் போட்டுப் பாருங்கள்; தாளை நம்ப வேண்டாம்.

வேலி போட்டு யாராவது உட்கார்ந்தால் எந்த இணையதளமும் சொல்லாது. எதிரிடை அனுபவத்துக்கு (அடுத்தவர் நிலத்தில் உட்கார்ந்து அனுபவித்தே உரிமை கோருவது) தனியார் நிலத்தில் 12 வருடம்தான் கெடு என்பதை மறக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரை அனுப்பி, நான்கு மூலைக் கல்லையும் தேதியோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கல்லே இல்லையென்றால் அடுத்த லீவில் வரும்போது முதல் வேலையாக அளந்து நட்டுவிடுங்கள்.