சயீத் மொல்லாயி: ஈரான் ஜூடோ பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அண்ணா, ஒலிம்பிக்கில் மங்கோலியாவுக்கு ஆடிய மொல்லாயி ஈரான்காரரா?

ஆமாம், 1992-இல் தெஹ்ரானில் பிறந்தவர். 81 கிலோ பிரிவு. 2018-இல் பாகுவில் ஈரானுக்காக ஆடித்தான் உலக சாம்பியன் ஆனார்.

கேள்வி: அப்புறம் ஏன் நாட்டை விட்டார்?

2019 டோக்கியோ உலகப் போட்டி. மேலே போனால் இஸ்ரேலின் சாகி முகியோடு மோத வேண்டிவரலாம். இஸ்ரேல் வீரர்களோடு ஆடக் கூடாது என்பது ஈரானில் நெடுநாள் நடைமுறை. சர்வதேச ஜூடோ சம்மேளனம் சொன்ன விவரப்படி, போட்டி நடக்கும்போதே விலகச் சொல்லி தெஹ்ரானிலிருந்து போன் வந்தது. அதை மீறி ஒலிம்பிக் சாம்பியன் கல்முர்சாயேவைச் சாய்த்தார். அடுத்து, பெற்றோர் வீட்டில் பாதுகாப்புத் துறையினர் வந்திருப்பதாகத் தகவல். அரையிறுதியில் பெல்ஜியத்தின் மத்தியாஸ் காஸ்ஸிடம் தோற்றார், வெண்கலமும் போனது. முகிதான் பட்டம் வென்றார். மொல்லாயி ஊர் திரும்பாமல் ஜெர்மனி போய்விட்டார்.

கேள்வி: வேண்டுமென்றே தோற்றாரா சார்?

வீட்டு வாசலில் ஆள் நிற்கும்போது எதிராளியின் உடையில் பிடி எப்படி நிற்கும்? அதை 'வேண்டுமென்றே' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: பிறகு?

2019 கடைசியில் மங்கோலியக் குடியுரிமை. 2021 பிப்ரவரியில் இஸ்ரேலின் டெல் அவிவுக்கே போய் ஆடி வெள்ளி வென்றார்! அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக். 2019-இல் ஆடிய அதே புடோகான் அரங்கம். இறுதியில் ஜப்பானின் நகாசேயிடம் தோற்று வெள்ளி. 2022 முதல் அஜர்பைஜானுக்கு ஆடினார்.

கேள்வி: இப்படிச் சிக்கியவர் இவர் ஒருவர்தானா?

இல்லை. ஆரஷ் மிரெஸ்மாயிலியைத் தெரிந்துகொள்ளுங்கள். 66 கிலோவில் இரண்டு முறை உலக சாம்பியன். 2004 ஏதென்ஸ் தொடக்க விழாவில் ஈரான் கொடி ஏந்தியவர். முதல் சுற்றிலேயே இஸ்ரேலின் எஹுத் வாக்ஸ். எடை பார்த்தபோது வரம்பைத் தாண்டியிருந்தார், ஆடவில்லை. உலக சாம்பியனுக்கு எடை பிடிக்கத் தெரியாதா என்று நீங்களே யோசியுங்கள். தங்கம் வென்றவருக்குரிய பரிசுத் தொகையை ஈரான் அவருக்குக் கொடுத்தது. மொல்லாயி விவகாரம் வெடித்த 2019-இல் ஈரான் ஜூடோ சம்மேளனத் தலைவர் யார் தெரியுமா? இதே மிரெஸ்மாயிலிதான்.

கேள்வி: ஈரானுக்குத் தண்டனை கிடைத்ததா?

சர்வதேச ஜூடோ சம்மேளனம் காலவரையின்றித் தடை போட்டது. அது செல்லாது என்று 2021 மார்ச்சில், விளையாட்டு வழக்குகளைத் தீர்க்கும் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது. சரி என்று சம்மேளனம் அதை நான்கு ஆண்டாக மாற்றியது. 2019 செப்டம்பரிலிருந்து கணக்கு. இதில் அடி வாங்கியது அதிகாரிகள் அல்ல, அந்த நான்கு ஆண்டும் வெளிநாட்டுப் போட்டிக்குப் போக முடியாத இளம் வீரர்கள்.