பதில்: 1966 உலகக்கோப்பை அணிப் பட்டியலில் இருக்கிறார், இறுதி ஆட்டப் படத்தில் இல்லையே?

கல்லூரி மலருக்கு எழுதும் கட்டுரையில் இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜிம்மி ஆர்ம்ஃபீல்டை "உலகக்கோப்பை வென்றவர்" என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடுங்கள். "இறுதிப் போட்டியில் ஆடினார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

1966-இல் இங்கிலாந்தின் 22 பேரில் அவரும் ஒருவர். வலது பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) இடம் ஜார்ஜ் கோஹனுக்குப் போய்விட்டது. ஒரு ஆட்டத்தில்கூட இவர் இறங்கவில்லை. அப்போது மாற்று ஆட்டக்காரர் முறையும் கிடையாது, பதக்கமும் இறுதியில் ஆடிய 11 பேருக்குத்தான். மீதிப் பேருக்கு 2009-இல்தான் கொடுத்தார்கள். 43 வருடம்!

என்னைக் கேட்டால், கட்டுரைக்குச் சுவையான இடம் பிளாக்பூல்தான். 1954 முதல் 1971 வரை அந்த ஒரே கிளப்புக்கு 627 ஆட்டம். தொடக்க வருடங்களில் அவருக்கு முன்னால் வலது ஓரத்தில் ஆடியவர் ஸ்டான்லி மேத்யூஸ். மேத்யூஸ் பந்தோடு நின்று எதிராளியை இழுத்து வைக்க, இவர் பின்னாலிருந்து மைதான ஓரக் கோட்டை ஒட்டி அவரையும் தாண்டி ஓடுவார். பேக் என்றால் பின்னாலேயே நிற்கவேண்டும் என்றிருந்த காலம் அது.

அப்புறம், இங்கிலாந்துக்கு 43 ஆட்டம், அதில் 15-இல் கேப்டன். அந்த 43-ஐயும் பதக்கம் வந்த 43 வருடத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், நானே ஒருமுறை குழம்பினேன்.