மாடி எடுக்கும்போது ஆர்க்கிடெக்ட் தேவையா?

கேள்வி: திருச்சியில் 30 அடிக்கு 60 அடி மனையில் எங்கள் வீடு இருக்கிறது. மேற்குப் பார்த்த வாசல், முன்னால் 14 அடி காலியிடம். 2003இல் கட்டியது. பில்லர் கிடையாது, 9 அங்குலச் செங்கல் சுவர்தான். தரைத்தளம் 900 சதுர அடி. மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால் மாடியில் அதே அளவுக்கு இன்னொரு வீடு கட்ட நினைக்கிறோம். பின்னாளில் தேவைப்பட்டால் வாடகைக்கும் விட வேண்டும். "கீழே இருப்பதை அப்படியே மேலே எடுத்துவிடலாம், முன்னால் ஒரு படி வைத்தால் போதும்" என்று மேஸ்திரி சொல்கிறார். சதுர அடிக்கு 2,300 ரூபாய் கேட்கிறார். ஒரு ஆர்க்கிடெக்டையும் பார்த்தோம், 90,000 ரூபாய் கட்டணம் சொன்னார். அந்தப் பணத்துக்கு கிரானைட் போட்டுவிடலாமே என்கிறார்கள் வீட்டில். வீட்டின் வரைபடத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: ஆர்க்கிடெக்டை அமர்த்துங்கள். கிரானைட்டைப் பிறகுகூடப் போட்டுக்கொள்ளலாம். படிக்கட்டைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் அதைப் பிறகு நகர்த்த முடியாது.

முதலில் பணக்கணக்கு. மேஸ்திரி சொன்ன விலைப்படி 900 சதுர அடிக்கு 20,70,000 ரூபாய் ஆகிறது. இதில் 90,000 என்பது நூற்றுக்கு நாலரை ரூபாய்கூட இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில், முன் கூடத்திலிருந்து பின்கட்டுக் குளியலறை வரை 4 அடி அகலத்தில் 18 அடி நீள நடை ஒன்று ஓடுகிறது. கீழே இருப்பதை அப்படியே மேலே எடுத்தால் அந்த நடையும் மேலே வரும். 72 சதுர அடி, 1,65,600 ரூபாய். அங்கே யாரும் உட்காரப் போவதில்லை, ஒரு கட்டிலும் போட முடியாது. கூடத்தை நடுவில் வைத்து அறைகளை அதிலிருந்தே திறந்தால் நடை வேண்டியதில்லை. நடையின் ஒரு சுவரை எடுத்தால் மேல்கூரையைத் தாங்க ஒரு பீம் வேண்டும்தான். அந்தச் செலவைக் கழித்தாலும் அந்த இடம் வாழும் இடமாக உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

மேஸ்திரி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பில்லர் இல்லாத வீட்டில் பாரம் முழுவதும் சுவர் வழியாகவே அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. அதனால் மேல்தளத்துச் செங்கல் சுவர் கீழ்ச்சுவருக்கு நேர்மேலே வருவதுதான் முறை. பீம் இல்லாத இடத்தில், வெறும் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் சுவரை எழுப்பினால் தளம் தொய்யும், கீழே கூரையில் விரிசல் ஓடும். சுவர்களை மாற்றாமல் எடுக்க வேண்டும் என்று அவர் சொல்வது அனுபவத்தில் வந்த எச்சரிக்கை. ஆனால் தாங்கும் சுவர் எது, அறையைப் பிரிப்பதற்காக மட்டும் நிற்கும் சுவர் எது என்று பிரித்துப் பார்த்தால், மாடியில் வேறு அமைப்புக்கு இடம் கிடைக்கிறது. பிரிக்கும் சுவர்களை ஏஏசி பிளாக்கில், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்லில் கட்டலாம். செங்கல்லோடு ஒப்பிட்டால் அதன் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எந்தச் சுவரை எதில் கட்டுவது என்பதை ஆர்க்கிடெக்டும் கட்டமைப்புப் பொறியாளரும் சேர்ந்து தாளில் முடிவு செய்ய வேண்டும். சாரம் கட்டிய பிறகு அதற்கு நேரமிருக்காது.

இனி படிக்கட்டு. மாடி எடுக்கும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். "முன்னால் ஒரு படி" என்று சொல்வது எளிது. உங்கள் வீட்டில் கீழ்த்தரைக்கும் மேல்தரைக்கும் பத்தரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 126 அங்குலம். ஒரு படிக்கு 7 அங்குலம் ஏற்றம் வைத்தால் சரியாக 18 ஏற்றம் வரும். ஒன்பது ஏறி, திரும்பி, மறுபடி ஒன்பது. கால் வைக்கும் அகலம் 10 அங்குலம், படியின் அகலம் 3 அடி, திரும்பும் மேடை 3 அடி என்று கொண்டால் ஏறக்குறைய ஆறரை அடிக்கு பத்தடி இடம் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க 8 அங்குல ஏற்றம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் 16 ஏற்றத்தில் வேலை முடிந்துவிடும், நீளத்தில் மிஞ்சுவது 10 அங்குலம்தான். அந்தப் பத்து அங்குலத்துக்காக, தினமும் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகிறவரின் முழங்கால் எத்தனை ஆண்டுகளுக்கு வலிக்கப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

மேடைக்குக் கீழே கழிப்பறை வைக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஒன்பது ஏற்றத்தில் மேடையின் உயரம் 63 அங்குலம். தளத்தின் கனத்தைக் கழித்தால் ஐந்தடிகூடத் தேறாது, நிமிர்ந்து நிற்க முடியாது. தண்ணீர் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் அங்கே வையுங்கள்.

அந்தப் படிக்கட்டை எங்கே வைப்பது? உங்கள் வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய இடம் முன்பக்கத் தென்மேற்கு மூலை. காரணம் வெயில். சித்திரை முதல் வாரத்தில் திருச்சியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கும், அதை ஜன்னல் மேலுள்ள சன்ஷேடே தடுத்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து தாழ்வாக வரும் வெயிலை இரண்டடி சன்ஷேடு தடுக்காது. அது ஜன்னல் வழியாக நேராகக் கட்டிலில் விழும். மேற்குச் சுவர் மாலை முழுவதும் சூடேறி, நாம் படுக்கப்போகும் நேரத்தில் அந்தச் சூட்டை உள்ளே விடும். மேற்கு வாசல் வீட்டில் கீழே இருப்பதை மேலே எடுத்தால் முன் படுக்கையறைதான் இந்த வெப்பம் முழுவதையும் வாங்கும், அதுவும் புது மணமக்களின் அறையாக இருக்கும். படிக்கட்டை அந்த மூலையில் வைத்தால் வெயிலை அது வாங்கிக்கொள்ளும். படுக்கையறைகளைக் கிழக்கே தள்ளிவிடலாம். கீழே அந்த மூலை அறைக்குத் தெற்கிலும் ஒரு ஜன்னல் இருப்பதால் வெளிச்சத்துக்குக் குறைவு வராது.

படிக்கட்டைச் சுற்றி முழுச் சுவர் எழுப்பாமல் செங்கல் ஜாலி வையுங்கள். பிரிட்டனில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007) செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் இந்தச் சுவரைத் தன் கட்டடங்களில் தாராளமாகப் பயன்படுத்தினார். திருவனந்தபுரம் தம்பானூரில், பஸ் நிலையத்துக்கு அருகே அவர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சுற்றுச் சுவரில் வரிசையாக விட்ட சிறு திறப்புகள் வழியாகத்தான் அங்கே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. ஆடிக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் ஊர் உங்களுடையது, ஆகவே ஜாலி அந்தக் காற்றை உள்ளே விடும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவதால் அந்த மூலையில் சாரல் குறைவாகவே இருக்கும். வாஸ்து பார்ப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், தென்மேற்கில் கனம் ஏறுவதை அவர்களும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

இதே இடத்தில் இன்னொரு நன்மையும் சேர்ந்து கிடைக்கிறது. படியடியில் இரண்டு கதவு வையுங்கள்: கீழ்வீட்டுக் கூடத்துக்கு ஒன்று, வெளிவாசலுக்கு ஒன்று. மகன் குடும்பம் இருக்கும்வரை உள்கதவு திறந்திருக்கட்டும். வாடகைக்கு விடும் நாளில் அதைப் பூட்டினால் மாடி தனிவீடு. படிக்கட்டுக்குத் தனி அஸ்திவாரம் போட்டால் அதன் பாரம் பழைய வீட்டின் மேல் ஏறாது. புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கும், பழையது ஏற்கெனவே இறங்கி நின்றுவிட்டது. அதனால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சேருமிடத்தில் வெடிப்பு வரும். வெயில், காற்று, தனிவழி, பாரம் ஆகிய நான்குக்கும் ஒரே முடிவில் விடை கிடைக்கிறதல்லவா? அந்த 90,000 ரூபாய் இந்த மாதிரி யோசனைக்குத்தான்.

குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பழைய கூரை ஒரே மட்டத்தில் இருக்கும். புதுக் கட்டடத்தில் செய்வதுபோல் தளத்தைத் தாழ்த்திக் குழாய்களை அதற்குள் ஒளிக்க முடியாது. மேல் குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர்மேலே வையுங்கள், தரையை ஒரு படி உயர்த்துங்கள். வேறெங்கே வைத்தாலும் கழிவுநீர்க் குழாய் யாருடைய அறைக் கூரையிலாவது தொங்கும். அப்புறம், மொட்டைமாடியில் பழைய தட்டோட்டையும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தையும் பெயர்த்தெடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் வீண்பாரம்.

ஆர்க்கிடெக்டிடம் என்ன கேட்டு வாங்குவது? கணினியில் வரைந்த வண்ணப் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஒவ்வொரு சுவருக்கும் அளவு குறித்த வேலைப்படம், படிக்கட்டின் வெட்டுப்படம், மின்சார, குழாய்ப் படங்கள், கதவு ஜன்னல் பட்டியல், பொருட்களின் அளவோடு மதிப்பீடு ஆகியவை அந்தக் கட்டணத்துக்குள் வருகின்றனவா, கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் சேர்ந்ததா, வேலையிடத்துக்கு எந்தெந்தக் கட்டத்தில் வருவார் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்ட்களுக்குப் பதிவு எண் உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள். மாடியில் ஒரேயொரு அறை மட்டும் எடுப்பதாக இருந்தால் இவ்வளவு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அதற்கு ஒரு பொறியாளரின் ஆலோசனை போதும். நீங்கள் கட்டுவது இன்னொரு முழு வீடு.

அனுமதி விஷயத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையை, அதாவது விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே சான்று தந்து அனுமதி பெறும் முறையைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் எடுக்கும் மாடி அதற்குள் வருமா என்பதை 2003இல் வாங்கிய அனுமதிப் படத்தோடு போய் மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆர்க்கிடெக்டுக்கு முன்பணம் கொடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பள்ளம். வீட்டின் இரண்டு மூலைகளில் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டி, அது எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கீழே என்ன மண் என்று பொறியாளர் கண்ணால் பார்க்கட்டும். கரிசல் மண்ணாக இருந்தால் ஒரு சுவரைக்கூட வரைவதற்கு முன் அவருடைய முடிவு தெரிந்தாக வேண்டும். உங்கள் மேஸ்திரியையும் அன்றைக்கு உடன் நிற்கச் சொல்லுங்கள். 2003இல் அஸ்திவாரம் போட்டது அவரேயானால், அங்கே என்ன போட்டார் என்று அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை.