மாறுதல் ஆணையும் மாப்பிள்ளையின் வீட்டுக் கடனும்

கேள்வி: என் மகளின் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் பணிபுரிகிறார். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டெக்சாஸ் மாநிலத்தில் முகாமை ஒட்டிய ஊரில், முன்னாள் படைவீரர் நலத்துறையின் உத்தரவாதத்தோடு ராணுவத்தினருக்குக் கிடைக்கும் 'விஏ' கடனில் முன்பணம் கட்டாமல் வீடு வாங்கினார்கள். இப்போது அவருக்கு ஜெர்மனிக்கு மாறுதல் ஆணை வந்திருக்கிறது. கடன் பாக்கி 2,80,000 டாலர். வீடோ 2,55,000 டாலருக்கு மேல் போகாது என்கிறார்கள். தவணையை நிறுத்தினால்தான் வங்கி இறங்கிவரும் என்று மகளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். குறையும் பணத்துக்காக எங்கள் தோட்டத்தில் இரண்டு ஏக்கரை விற்றுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: அம்மா, தோட்டத்துக்கு விலை பேசுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். தவணையையும் ஒரு மாதம்கூடத் தவறவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நன்றாகக் கட்டிவரும் ராணுவக் குடும்பங்களிடம், தவணை தவறினால்தான் உதவி கிடைக்கும் என்று கடன் தவணை வசூலிக்கும் நிறுவனங்கள் சொல்வது தவறான நடைமுறை என்று அமெரிக்க நிதிக் கண்காணிப்பு அமைப்புகள் 2012 ஜூனிலேயே கூட்டாக எச்சரித்திருக்கின்றன. தவணை தவறினால் கடன் மதிப்பெண் சரியும். ராணுவத்தில் ரகசியப் பணிகளுக்கு வழங்கப்படும் பாதுகாப்பு அனுமதிக்குக் கடன் நிலுவையும் ஆராயப்படும் என்பதால், மாப்பிள்ளையின் வேலைக்கே இடைஞ்சல் வரலாம்.

இந்த நிலை உங்கள் மகளின் கவனக்குறைவால் வந்ததல்ல. முன்பணம் இல்லாத கடனில் முதல் நாளிலேயே கடன் வீட்டு விலைக்குச் சமமாக இருக்கிறது; முதல்முறை வாங்குவோரிடம் 2022-இல் வசூலிக்கப்பட்ட 2.3 சதவீத விஏ கட்டணத்தையும் பெரும்பாலோர் கடனோடு சேர்த்துவிடுவதால், பாக்கி விலையைத் தாண்டியே தொடங்குகிறது. தரகும் பத்திரச் செலவும் சேர்ந்தால் துண்டுவிழும் தொகை நீங்கள் நினைக்கும் 25,000 டாலரைவிடக் கூடும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது, கடனையே வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் வழியை. விஏ கடனுக்கு அந்த வசதி உண்டு. 2022 தொடக்கத்தில் வட்டி குறைவாக இருந்தது. பின்னர் மளமளவென ஏறியது. குறைந்த வட்டியுள்ள கடன் கைக்கு வருகிறது என்றால், சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கவும் சிலர் முன்வருவார்கள். ஆனால், கடன் பொறுப்பிலிருந்து விடுவித்ததற்கான கடிதத்தை மாப்பிள்ளை எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடக் கூடாது. வாங்குபவர் படைவீரர் தகுதி இல்லாதவர் என்றால், அந்தக் கடன் தீரும்வரை மாப்பிள்ளையின் விஏ கடன் உரிமையில் ஒரு பகுதி அதிலேயே முடங்கியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அது அமையாவிட்டால் வாடகைக்கு விடலாம். குடியிருக்கும் எண்ணத்தோடு வாங்கிக் குடியிருந்தவர், மாறுதலில் போகும்போது வீட்டை வாடகைக்கு விடுவதற்கு விஏ கடனில் தடை இல்லை. வாடகை தவணையைவிடச் சற்றுக் குறைந்தால், அந்த மாதாந்தரக் குறையையும் பராமரிப்பாளர் கட்டணத்தையும் தாங்க முடியுமா என்பதே கேள்வி. பிற்காலத்தில் விலை ஏறி லாபத்தில் விற்றால், வரிவிலக்குக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 2 ஆண்டுகள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். பணிநிமித்தம் தொலைவில் இருக்கும் ராணுவத்தினர் அந்த 5 ஆண்டுக் கணக்கை 10 ஆண்டுகள் வரை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது.

இரண்டும் கைகூடாதபோதுதான், பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்கக் கடன் கொடுத்தவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். விஏ கடனில் இதைக் 'காம்ப்ரமைஸ் சேல்' என்பார்கள். மாறுதல் ஆணையின் நகல், வருமானச் சான்று, இடர்ப்பாட்டை விளக்கும் கடிதம் ஆகியவற்றுடன், தவணை வசூலிக்கும் நிறுவனத்துக்கும் முன்னாள் படைவீரர் நலத்துறையின் கடன் பிரிவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மீதித் தொகையைப் பின்னர் கேட்கமாட்டோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தள்ளுபடியான தொகை வருமானமாகக் கருதப்படக்கூடும் என்பதால் வரி ஆலோசகரையும் கேட்க வேண்டும். முகாமிலேயே ராணுவச் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது; அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. கையெழுத்திடும் முன் எல்லாத் தாள்களையும் அவர்களிடம் காட்டட்டும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய தகவல்களை நம்பி ஏமாற வேண்டாம். தவணை தவறாத ராணுவத்தினரும் மாறுதலைக் காரணம் காட்டிக் குறைந்த விலைக்கு விற்கலாம், மீதியைக் கட்ட வேண்டியதில்லை என்று 2012-இல் வந்த சலுகை, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற நிறுவனங்களின் கடன்களுக்கானது; விஏ கடனுக்கானதல்ல. அதுவும் அவ்வாண்டு ஜூன் 30-க்குள் வாங்கிய வீடுகளுக்கு மட்டுமே. வீட்டு விலைச் சரிவின்போது 2009-இல் விரிவாக்கப்பட்ட பாதுகாப்புத் துறையின் இழப்பீட்டுத் திட்டமும் இவர்களுக்குப் பொருந்தாது. படைவீரர் பாதுகாப்புச் சட்டத்தின் 6 சதவீத வட்டி வரம்பு, பணியில் சேர்வதற்கு முன் வாங்கிய கடன்களுக்கு உரியது; பணியில் இருக்கும்போது வாங்கிய இந்தக் கடனுக்கு அல்ல.

இவ்வளவையும் பார்த்த பிறகும் பணம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்கிறது. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படும் தொகைக்கு வங்கி 20 சதவீத வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் அதைத் திரும்பப் பெற முடியும். ஆகவே, தேவைப்படும் தொகை எவ்வளவு என்று வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் கடிதம் கையில் கிடைக்கும்வரை தோட்டத்துக்கு முன்பணம் வாங்கிவிடாதீர்கள்.