"பேசச் சொல்லிக் கொடுக்க நாலு வருஷப் படிப்பா?"

கேள்வி: என் மகள் ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம்மில் நான்குக்கு 3.67 எடுத்தாள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யுபியுவில் மருத்துவத்தை முதல் தேர்வாகப் போட்டாள், கிடைக்கவில்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேச்சு சிகிச்சைப் படிப்புக்கு இடம் வந்திருக்கிறது. "பேசச் சொல்லிக் கொடுக்க நாலு வருஷப் படிப்பா?" என்கிறார் என் கணவர். வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பி டாக்டராக்கியே தீருவேன் என்று நிற்கிறார். மகள் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. நான் என்ன செய்வது?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: சகோதரி, 1999இல் இதே படிப்புக்கு, இதே பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கும் கடிதம் வந்தது. என் அப்பா அக்கம்பக்கத்தில் "மகள் டாக்டருக்குப் படிக்கிறாள்" என்றே நான்கு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் "என்னம்மா டாக்டர்" என்று கேட்கும்போதெல்லாம் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். உங்கள் கணவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "நாலு வருஷப் படிப்பா" என்ற அந்த ஒரு வாக்கியத்தை மகள் காதில் விழும்படி அவர் இனிமேல் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிடுவோம். யுபியுவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாடத்துக்கு 10. மகளின் 3.67ஐ நான்கால் வகுத்து 90ஆல் பெருக்கினால் 82.58 வரும். புறப்பாடத்தில் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாலும் 92.58தான். மருத்துவத்துக்கு 4.00 எடுத்த பிள்ளைகளே வரிசை கட்டி நிற்கிறார்கள். அறிவியல் பிரிவில் ஆறாம் படிவம் முடித்து 3.67 எடுத்த பிள்ளை எத்தனை இரவு கண்விழித்திருப்பாள் என்பதைப் பெற்றவர்கள் நீங்களே அறிவீர்கள்.

இனி, அந்த வேலை என்ன என்று சொல்கிறேன். பக்கவாதம் வந்து படுத்தவருக்கு முதல் நாள் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று பார்ப்பவர்கள் நாங்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். சிலருக்கு இருமல்கூட வராது, குரல் மட்டும் நீர் கோர்த்ததுபோல் கரகரக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் நிமோனியா. அதனால்தான் தேத்தண்ணியில்கூட அதற்கென்றே உள்ள மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்கிறோம். "டீயைக் கஞ்சியாக்கிட்டியே" என்று தாத்தாக்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், உயிரோடு இருந்து கோபிக்கட்டும்.

பேச்சு அதற்கு அடுத்தது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பலருக்கு வார்த்தை வெளியே வராது, நினைவும் அறிவும் இருந்தாலும். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செந்தூல்காரர் ஒருவர் மனைவியின் பெயரைச் சொல்ல முடியாமல் அழுதார். ஆனால் முருகன் பாட்டை நான் எடுத்துக் கொடுத்தால் நான்கு வரியும் தடையில்லாமல் பாடினார். பாட்டும் எண்ணிக்கையும் பலருக்கு இப்படித் தப்பிப் பிழைக்கும். அந்தப் பாட்டிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துத்தான் ஐந்து மாதத்தில் "சரசு, தண்ணி" வரைக்கும் வந்தோம்.

இன்னொன்றை எத்தனை வருஷம் போனாலும் மறக்கமாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தோட்டத்திலேயே வளர்ந்த ஒரு பாட்டி. படங்களைக் காட்டி மலாயில் பெயர் கேட்டிருக்கிறார்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை. கோப்பில் மறதி நோய் என்று எழுதிவிட்டார்கள். நான் சீப்பை எடுத்துக் காட்டி, "பாட்டி, இது என்ன?" என்றேன். "சீப்பு. ஒனக்குத் தெரியாதா?" என்றார். பாட்டிக்கு மறதி இல்லை. கேட்ட மொழிதான் அவருடையதாக இல்லை. உங்கள் மகள் அந்த வார்டுக்குள் தமிழோடு போய் நிற்பாள், சகோதரி. டாக்டராகாமல் போனதால் கிடைத்த ஆறுதல் பரிசாக இதை எடைபோடாதீர்கள்.

படிப்பு சாதாரணமானது அல்ல. உடற்கூறு, நரம்பியல், மொழியியல், ஒலியியல், குழந்தை வளர்ச்சி எல்லாம் உண்டு. கம்போங் பாரு பக்கம் ஜாலான் ராஜா மூடா அப்துல் அசிஸ் வளாகத்தில்தான் வகுப்பு. செந்தூலிலிருந்து தூரமே இல்லை. படிக்கும்போதே நோயாளிகளைப் பார்க்கவேண்டும். நான் மிகவும் திணறியது ஒலியியலில். முடித்த பிறகு 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்து, உரிமம் பெற்றுத்தான் தொழில் செய்ய முடியும். அந்தச் சட்டம் 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. உணவியல், பிசியோதெரபி, செவித்திறன் சோதனை என்று 23 தொழில்கள் அதில் இருக்கின்றன. படிக்காதவர் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள முடியாது என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

பணம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் எடுத்து முதல் வகுப்பில் தேறினால் அதைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். வெளிநாடுதான் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், முகவர் சொல்வதைக் கேட்டு முன்பணம் கட்டவேண்டாம். அந்தக் கல்லூரியின் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஊர் திரும்பினால் இரண்டு வருஷப் பயிற்சி மருத்துவம். 2016 கடைசியிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கிறார்கள். நிரந்தர வேலைக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. வீட்டை அடகு வைக்கும் முன் இதையெல்லாம் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகளுக்கு மருத்துவம்தான் உயிர் என்றால் மேல்முறையீடு செய்யட்டும், தடுக்காதீர்கள். அதற்கும் முன்னால், கிடைத்த இடத்தைக் கெடுவுக்குள் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுச் சண்டையில் தேதி தவறி, இடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்றிரவே அவள் அறைக்கதவைத் தட்டுங்கள்.

கேள்வி: நான் ஐந்தாம் படிவ மாணவன். அம்மாவைத் தனியே விட முடியாது. பினாங்கிலேயே தங்கி அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க முடியுமா?
– மாணவர், பிறை

பதில்: தம்பி, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில் இருந்தாலும் அதன் மருத்துவப் படிப்பு கிளந்தான் மாநிலத்தில், குபாங் கிரியானில் நடக்கிறது. பல் மருத்துவமும் அங்கேதான். பினாங்கில் உள்ள மிண்டன் வளாகத்தில் மருந்தாளர் படிப்பான மருந்தியல் இருக்கிறது. 1972இல் தொடங்கியது, நாட்டிலேயே முதல் மருந்தியல் பள்ளி. பிறையிலிருந்து பாலம் ஏறினால் போய்விடலாம். ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு நேராக அதில் சேர முடியாது. ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ முடிக்கவேண்டும். வேதியியலை விட்டுவிடாதே. புறப்பாடத்தில் அந்தப் பத்து விழுக்காட்டுக்கான சான்றிதழ்களை இப்போதே ஒரு கோப்பில் போட்டு வை. அம்மாவின் உடல்நிலை என்ன என்று நீ எழுதவில்லை. எழுது, அதையும் சேர்த்துப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.