மருந்துக்கு முன்னால் உறிஞ்சி எடுங்கள்

வணக்கம் நண்பரே. கொளத்தூர் அலங்கார மீன் சந்தையில் வாங்கிய பவளத்தோடு வந்த துருநிறத் தட்டைப்புழு இப்போது உங்கள் கடல்நீர் மீன்தொட்டியின் கண்ணாடி முழுக்கப் பரவிவிட்டது, இன்றைக்கே மருந்து ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கு வேண்டாம்.

இந்தப் புழு பவளத்தைத் தின்பதில்லை. மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைப்பதுதான் அதன் தொல்லை. உண்மையான ஆபத்து அது சாகும்போது. உடலிலிருந்து நஞ்சு கசியும். மொத்தக் கூட்டமும் ஒன்றாகச் செத்தால் மீன்களும் போய்விடலாம்.

அதனால் முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். விளக்கு எரியும்போது, நீரோட்டம் குறைந்த இடங்களில் கூட்டமாக ஒட்டியிருக்கும். பம்ப்பை நிறுத்திவிட்டு, மெல்லிய ஏர் டியூபால் உறிஞ்சுங்கள். அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்றாதீர்கள். சில நாள் விட்டு விட்டுச் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம் மருந்து. ஃபிளாட்வார்ம் எக்ஸிட் என்ற தட்டைப்புழு மருந்தைப் போடும் நாளில், நஞ்சை உறிஞ்சும் புது ஆக்டிவேட்டட் கார்பனும், தண்ணீர் மாற்றக் கலந்து வைத்த உப்புநீரும் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். புழுக்கள் சுருண்டு மிதக்க ஆரம்பித்ததும் உறிஞ்சிக்கொண்டே இருங்கள், பிறகு கார்பன் ஓடட்டும், தண்ணீர் மாற்றுங்கள். கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் அன்றைக்குக் கட்டாயம். தப்பியவை மறுபடி பெருகும் என்பதால் கொஞ்ச நாளில் இன்னொரு முறை போட வேண்டிவரும்.

தொட்டிக்குக் கலக்கும் உப்பின் விலையைப் பார்த்து காசிமேட்டுக் கடல்நீரை எடுத்து வந்துவிடாதீர்கள். 2017-லும் 2023-லும் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த கடல் அது.

சிக்ஸ்லைன் ராஸ் மீன் சில தொட்டிகளில் இந்தப் புழுக்களைத் தின்னும், சிலவற்றில் திரும்பியும் பார்க்காது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தில் வெள்ளைக் கடித் தடங்கள் தெரிந்தால் அது வேறு புழு. படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.