கண்டெய்னரின் மெமரி வரம்பை ஜாவா விர்ச்சுவல் மெஷின் எப்படித் தெரிந்துகொள்கிறது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 'சிகுரூப்' என்றொரு வசதி உண்டு. ஒரு நிரல் கூட்டம் இவ்வளவு மெமரிதான் எடுக்கலாம் என்று அது எல்லை போடும். கண்டெய்னர் என்பது நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி போன்றது; அதன் மெமரி வரம்பு என்பது இதுதான்.

அந்த எல்லை, ஜாவா நிரல்களை ஓட்டும் ஜாவா விர்ச்சுவல் மெஷினுக்கு (இனி சுருக்கமாக ஜாவா) தெரியாவிட்டால் ஆபத்து. ஹீப், அதாவது நிரலின் தரவுகளை ஜாவா வைக்கும் மெமரிப் பகுதி, எவ்வளவு என்று நாம் சொல்லாவிட்டால், தனக்குத் தெரியும் மெமரியில் கால் பங்கை உச்சமாக அதுவே வைத்துக்கொள்ளும். 64 ஜிபி சர்வரில் 2 ஜிபி கண்டெய்னர் என்று வையுங்கள். பழைய ஜாவா 64-ஐப் பார்த்து 16 ஜிபி வரை வளரலாம் என்று நம்பும். குப்பை அள்ளும், அதாவது பயன்படாத மெமரியை விடுவிக்கும், அவசரமே அதற்கு வராது. 2 ஜிபியைத் தாண்டப் போனதும் கெர்னல் நிரலைக் கொன்றுவிடும். ஜாவா லாகில் ஒரு வரிகூட இருக்காது, வெளியேறும் எண் 137 மட்டும் மிஞ்சும். காரணம் புரியாமல் பலர் இரவெல்லாம் தேடுவது இங்கேதான்.

மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது என்று குழாயைத் திறந்துவிட்டு, கீழே இருப்பது ஒரு வாளிதான் என்பதை மறப்பது போல.

2018-இல் வந்த ஜாவா 10 முதல், லினக்ஸில் தொடங்கும்போதே அது சிகுரூப் கோப்பைப் படிக்கிறது. சிகுரூப் இரண்டாம் பதிப்பில் கோப்பின் பெயர் 'மெமரி.மேக்ஸ்'; அதைப் படிப்பது ஜாவா 15 முதல். 2 ஜிபி என்றால் உள்ளே 2147483648 என்று பைட் கணக்கில் இருக்கும். வரம்பே இல்லையென்றால் 'மேக்ஸ்' என்ற சொல். இப்போது ஹீப் உச்சம் 2 ஜிபியில் கால் பங்கு, 512 எம்பி. பெரும்பாலும் இது குறைவு, வரம்பில் எத்தனை சதவீதம் ஹீப்புக்கு என்று சொல்லும் அமைப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஹீப்தான் மொத்த மெமரி என்று நினைத்து 100 சதவீதம் வைத்துவிடாதீர்கள். த்ரெட் ஸ்டாக் (ஒவ்வொரு இயங்கு இழைக்குமான மெமரி), மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்களுக்கான மெமரி) எல்லாம் ஹீப்புக்கு வெளியே அதே வரம்பிலிருந்துதான் எடுக்கின்றன.